ஜக்கையன் மலைக்கு ஏற்றிய மிளகு

ராசிங்காபுரத்து ஜக்கையன் எந்தப் போரிலும் வென்றதில்லை, குளம் வெட்டியதில்லை, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்ததுமில்லை. ஆனாலும் அவன் வரலாறு எழுதிவைக்க வேண்டியதுதான். ஒரே ஆளைப் பார்த்து, ஒரே வரப்பில் நின்று, முப்பத்தெட்டு வயதுவரை ஒருநாள்கூட ஓய்வெடுக்காமல் வயிறெரிந்தவன் போடி வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் விதைப்பிலும் அறுப்பிலுமாவது கொஞ்சம் மறந்திருப்பார்கள். ஜக்கையன் மறக்கவில்லை.

அவன் பொறாமைக்கு உரியவன் கண்ணுச்சாமி. பங்காளி, அவனைவிட ஆறு மாதம் இளையவன். இருவர் காட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு கமலை. முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். அப்படியிருக்க, கண்ணுச்சாமியின் கத்தரிக்காய் மட்டும் எண்ணெய் தடவிய பிள்ளைத் தலை மாதிரி மினுங்கியது. ஜக்கையன் இதை வெகுநாள் யோசித்துப் பார்த்து, கிணற்றுத் தண்ணீருக்கே ஓரவஞ்சனை உண்டு என்ற முடிவுக்கு வந்திருந்தான். கண்ணுச்சாமி குழிக்கு இரண்டு கூடை எரு போட்டதை அவன் அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை.

காயை விற்பதிலும் இருவருக்கும் இரண்டு வழி. ஜக்கையன் காட்டுக்கு வரும் யாவாரியிடம் வரப்பிலேயே கொடுத்துவிடுவான். யாவாரி கூடையை உதறி, காயை அழுத்தி, முகத்தைச் சுளித்து, பெரிய மனது பண்ணி எடுத்துக்கொண்டு போவான். போடிச் சந்தைக்கு நீயே கொண்டுபோனால் என்ன என்று கேட்டால் ஜக்கையனிடம் பதிலுக்குப் பஞ்சமில்லை. தங்கள் வீட்டு ஆண்கள் தலையில் சும்மாடு வைத்ததில்லை என்பான். சந்தைப் புழுதி மூச்சுக்கு ஆகாது என்பான். சந்தையில் உட்கார இடம் பிடிக்க விடியுமுன்னே ஓட வேண்டும் என்பான். மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது பற்றிக் கேட்டாலோ, மலைக்காய்ச்சலில் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வான். அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். அது வேறு விஷயம்.

கண்ணுச்சாமிக்கு இந்த வசதியான காரணங்கள் ஒன்றும் அமையவில்லை. அவன் ஒரு பொதிமாட்டை வாங்கினான். முதலில் போடிச் சந்தை, அப்புறம் முந்தல் அடிவாரம், அப்புறம் மெட்டையும் தாண்டித் திருவாங்கூர்ச் சீமையில் ஓர் ஏலத்தோட்டம் என்று படிப்படியாக ஏறிவிட்டான். அந்தத் தோட்டத்தில் நூற்றைம்பது ஆள் வேலை. ஏலத்தைத் தின்று வயிறு நிறையாது. வாரத்துக்கு ஒரு பொதி காய் வேண்டும். அந்தப் பொதியைக் கண்ணுச்சாமிதான் ஏற்றினான்.

ஏற்றிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் ஜக்கையன் பொறுத்திருப்பான். கண்ணுச்சாமியோ ஒரு தடவை மலைத்தேன் கொண்டுவந்தான். ஒரு தடவை கறுப்புக் குடை கொண்டுவந்தான். மழையே இல்லாத பங்குனி வெயிலில் அதை விரித்துக்கொண்டு வரப்பில் நடந்தான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பேச்சு. தண்ணீர் பாய்ச்சும்போது "மதி, மதி" என்றான். போதும் என்று அர்த்தமாம். மலையாளமாம்.

ஜக்கையன் மனைவி பேச்சிக்கு வாயைத் திறந்தால் அதே பேச்சு.

"ஏய்யா, கண்ணுச்சாமித் தம்பி வீட்ல இந்த வருசம் ஓடு மாத்துறாகளாம்."

"மாத்தட்டும். ஓடு ஒழுகாதா?"

"ஒழுகுற வீட்ல இருந்துக்கிட்டு இதக் கேக்குறீகளே. ஒரு தடவை அந்தத் தம்பி கூட மேல போயித்தான் பாருங்களேன்."

"அவன் பின்னால நான் போகணுமா?"

"முன்னாலயே போங்க. அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக."

பேச்சி இதை வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஜக்கையன் நெஞ்சில் அது உத்தரவாக இறங்கிவிட்டது. கண்ணுச்சாமிக்கு முன்னால் போக வேண்டும். அந்தத் தோட்டத்துப் பொதி தன் கைக்கு மாற வேண்டும். மாறிய அன்று கண்ணுச்சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியதுதான் முக்கியம். மற்ற இரண்டும் அதற்கு ஏறும் படிகள்.

ஆனந்த வருஷம் ஆனி மாதம், சந்தை நாளன்று ஜக்கையன் போடிக்குப் போனான். காய் விற்க அல்ல, ஒட்டுக்கேட்க. தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் இட்டூப்பு அரிசி வாங்க மலையிறங்கி வந்திருந்தார். கோட்டயத்துக்காரர், வெள்ளை வேட்டி, பெரிய மீசை, பாதி மலையாளமும் பாதி தமிழும் கலந்த பேச்சு. அவர் கண்ணுச்சாமியின் காய்க்கடை முன்னால் நின்றபோது, ஜக்கையன் பக்கத்தில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். வெங்காய நெடியில் கண்ணில் நீர் வழிந்தது. பார்த்தவர்கள் ஏதோ துக்கம் என்று விலகிப் போனார்கள்.

"கேட்டோ கண்ணுச்சாமி," என்றார் ரைட்டர். "வர்ற ஆழ்ச்ச நீ முளகு கொண்டுவரணும். கொட்டக் கணக்கினு வேணும். எத்ர கொண்டுவந்நாலும் ஞான் எடுத்தோளாம்."

அவ்வளவுதான். ஜக்கையன் எழுந்து ஓடினான். கண்ணுச்சாமி என்ன பதில் சொன்னான் என்று கேட்க அவன் நிற்கவில்லை. நின்றிருந்தால் அவன் ராசிங்காபுரத்தில் சாதாரண சம்சாரியாகவே வாழ்ந்து முடித்திருப்பான்.

ஓடும்போதே அவன் அந்தப் பேச்சைத் தமிழ்ப்படுத்திவிட்டான். முளகு என்றால் மிளகு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சிறு சந்தேகம் இருந்தாலும் அந்த மனுஷனே தீர்த்துவைத்துவிட்டார், 'கொட்ட' என்று. பொடியாக இடித்தது வேண்டாம், கொட்டை கொட்டையாக முழு மிளகு வேண்டும். வருகிற வாரம் எவ்வளவு கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வார்.

மிளகு அந்த மலையில் விளைந்துதான் கீழே இறங்குகிறது என்பது ராசிங்காபுரத்தில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். ஜக்கையனுக்கும் தெரியும். ஆனால் அவன் யோசிக்கத் தெரியாதவனல்ல. ராசிங்காபுரத்துப் பால் முழுவதும் போடிக்குப் போய்விடுகிறது. அதனால் ராசிங்காபுரத்தில் ஒரு விருந்தாளி வந்தால் மோருக்கு வழியில்லை. தன் காட்டில் விளைந்த நல்ல காயை யாவாரி எடுத்துப் போய்விடுகிறான்; வீட்டில் சொத்தைதான் குழம்புக்கு. விளைகிற இடத்தில் எந்தச் சரக்கு தங்கியிருக்கிறது? மலையும் அப்படித்தான். மிளகு முழுவதையும் கீழே அனுப்பிவிட்டு, ஆனி மழையில் நூற்றைம்பது பேரும் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, கஷாயத்துக்கு ஒரு மிளகில்லாமல் தவிக்கிறார்கள். சந்தையை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. அந்த ஆராய்ச்சியில் ஒரே ஒரு சொல் மட்டும் பிசகு.

மறுநாள் இரண்டு வெள்ளாட்டுக் கிடாயையும் ஒரு கிடேரிக் கன்றையும் ஓட்டிக்கொண்டு போடிக் கடைவீதிக்குப் போனான். அங்கே மிளகு மண்டி வைத்திருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூடை நிறைய மொளகு எடுக்கிறீரே, வீட்ல கல்யாணமா, காய்ச்சலா?"

"யாவாரம்."

"எங்க கொண்டுபோயி?"

"மேல."

"மேலன்னா?"

ஜக்கையன் மலையைக் கையால் காட்டினான். மண்டிக்காரர் மலையைப் பார்த்தார், மிளகைப் பார்த்தார், கிடேரிக் கன்றைப் பார்த்தார். கன்று நல்ல கன்று. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் பேச்சி தொழுவத்து வாசலில் நின்றாள்.

"ஆட்டையும் கன்னுக்குட்டியையும் எங்க காணோம்?"

"யாவாரத்துக்குப் போயிருக்கு."

"அதுக என்ன யாவாரம் பண்ணும்? ஆமா, இது என்ன கூடை?"

"ஒனக்கெதுக்கு? நாளைக்கி நான் மலைக்குப் போறேன். யாருகிட்டயும் மூச்சு விடாத. அதும் கண்ணுச்சாமிகிட்ட."

"போங்க, நல்லாப் போங்க. காட்டுல மொளகா பழுத்துக் கொட்டிக்கிட்டுக் கெடக்கே, அத என்ன பண்ணட்டும்?"

"மொளகாயாம் மொளகா! இந்த நேரத்துல மொளகாயத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. என்னமோ பண்ணித் தொல."

அந்த அனுமதியைப் பேச்சி பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜக்கையன் சும்மாடு கட்டினான். தங்கள் வீட்டு ஆண்கள் தலையில் சும்மாடு வைத்ததில்லை என்ற வீட்டுப் பெருமை அன்றோடு முடிந்தது. ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முதல் நாளே கிளம்பி முந்தலில் தங்கி, விடிந்ததும் மலையேறத் தொடங்கினான். பாதை வழுக்கியது. அட்டைகள் வரிசையாக ஏறிக் கெண்டைக்காலைப் பங்கு போட்டுக்கொண்டன. எதிரே பொதிமாடுகள் இறங்கி வந்தன. அவற்றின் முதுகிலிருந்து ஏல வாசனையும் கூடவே மிளகு வாசனையும் அடித்தது. 'பாரு, இன்னும் கீழேயே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், பாவம்' என்று இரங்கினான். இரக்கம் தீர்ந்ததும் கண்ணுச்சாமி நினைவு வந்தது. இந்த வழுக்குப் பாதையில் வாராவாரம் ஏறுகிறான். ஒரு தடவையாவது விழுந்து பல் உடைந்திருக்கக் கூடாதா?

மெட்டுச் சாவடியில் சேவகன் ஒருவன் கூடையை மூடியிருந்த துணியை விலக்கினான். ஒரு மிளகை எடுத்துக் கடித்தான். இன்னொரு சேவகனைக் கூப்பிட்டான். அவனும் ஒன்றைக் கடித்தான். கீழே போகும் மிளகுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். மேலே வரும் மிளகுக்கு என்ன செய்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இருவரும் ஜக்கையன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சித்தம் கலங்கியவர்களிடம் பேசும் மெதுவான குரலில், "பொய்க்கோ, பொய்க்கோ," என்று வழிவிட்டார்கள். தன் சரக்குக்கு எவ்வளவு மரியாதை என்று ஜக்கையன் வியந்தான்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. ரைட்டர் இட்டூப்பு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எசமான்! நான் கண்ணுச்சாமிக்குப் பங்காளி. அவனுக்கு மூத்தவன். நீங்க கேட்ட முளகு கொண்டாந்திருக்கேன். கொட்டையாவே கொண்டாந்திருக்கேன்."

ரைட்டர் முகம் மலர்ந்தது. கூடைத் துணியை விலக்கினார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

"எடோ, இது குருமுளகு!"

"ஆமாங்க, முளகு."

"முளகு அல்லா! குருமுளகு!"

"குருவோ சிஷ்யனோ, மொளகு தானுங்களே?"

ரைட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளே போய், அடுப்படியில் கடைசியாக எஞ்சியிருந்த பூசணம் பூத்த ஒரு காய்ந்த மிளகாயைக் காம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதாணு முளகு. மனசிலாயோ? எரியுந்நது. சுவந்நது." பிறகு குனிந்து ஜக்கையன் கூடையைத் தட்டினார். "இதாணு கொட்ட." கடைசியாக அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, அடுப்படிக்குப் பின்னாலிருந்த பலாமரத்தைக் காட்டினார். அடிமுதல் நுனிவரை கொடி சுற்றியிருந்தது. கொடி முழுக்கப் பச்சைச் சரம் சரமாக மிளகு தொங்கியது. அதற்கடுத்த மரத்திலும் தொங்கியது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை தொங்கியது.

கூலி வேலைக்கு வந்திருந்த நம் சீமைப் பெண்கள் நாலு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் பொத்தவில்லை. "அண்ணே, அப்பிடியே கொஞ்சம் மழையும் கீழருந்து கொண்டாந்திருக்கலாம்ல?" என்றாள்.

ஜக்கையன் கூடை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். முளகு என்றால் மிளகாய்; கொட்ட என்றால் கூடை. கூடை கூடையாக மிளகாய் கேட்டிருக்கிறார். மழையில் தோட்டத்து மிளகாய் முழுதும் பூசணம் பூத்துவிட்டதாம். தன் காட்டில் மிளகாய் பழுத்துக் கொட்டிக் கிடக்கிறது. கொட்டிக் கிடக்கிறது என்று பேச்சி வாசலில் நின்று சொன்னாள்.

இதை அவன் நினைத்து முடிப்பதற்குள் மணிச்சத்தம் கேட்டது. குடை ஒரு கையிலும் மாட்டுக் கயிறு ஒரு கையிலுமாகக் கண்ணுச்சாமி வந்துகொண்டிருந்தான். மாட்டின் இரண்டு பக்கமும் கூடை. இரண்டிலும் செக்கச்செவேலென்று மிளகாய்.

"அண்ணே! நீங்க எப்பிடி இங்க?" என்ற கண்ணுச்சாமி, மிளகுக் கூடையைப் பார்த்தான், எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஜக்கையனுக்கு ஒரு பிடிமானமாவது கிடைத்திருக்கும்.

"இந்த மொளகா ஏது?" என்றான் ஜக்கையன், தெரிந்துகொண்டே.

"ஒங்க காட்டு மொளகாதாண்ணே. எங்கிட்ட ஏது? மதினிகிட்டப் போயிக் கேட்டேன். 'அவுக என்னமோ பண்ணச் சொல்லிட்டாக, நீங்க எடுத்துக்கங்க'ன்னு பறிச்சுக் குடுத்தாக. நல்ல வெலைதாங் குடுத்திருக்கேன். மதினி லேசுல விடல."

பக்கத்தில் உட்கார்ந்து, அட்டை கடித்த ஜக்கையன் காலுக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டான்.

"விடுங்கண்ணே. எனக்கும் மொதத் தடவை இப்பிடித்தான். ரைட்டரு மத்தன் கொண்டா மத்தன் கொண்டான்னாரு. நான் மோர் கடையிற மத்த வாங்கி, நல்லா எழைச்சுக் கொண்டாந்து குடுத்தேன். அவரு கேட்டது பறங்கிக்காயி."

ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் ஜக்கையனுக்கு அதுவும் எரிந்தது. மத்து ஒரே ஒரு மத்து. தனக்கோ இரண்டு கிடாயும் ஒரு கன்றும். தப்புச் செய்வதில்கூட இவன் சிக்கனமாகச் செய்திருக்கிறான்!

"சரி, நான் இதத் தூக்கிக்கிட்டுக் கீழ போறேன்," என்று எழுந்தான்.

"எங்க போறீக? சாவடியில புடிச்சுப்புடுவாக. மேலருந்து மொளகு எறங்குனா தீர்வை கட்டுன சீட்டுக் கேப்பாக."

"இது போடியில வாங்குனதுடா!"

"போடியில மொளகு வாங்கி மலைக்குச் சொமந்தேன்னு சொன்னா, எந்தச் சேவகன்ணே நம்புவான்?"

"காலைல பாத்தாகளே!"

"காலைல பாத்தவுக இந்நேரம் முறை மாறிப் போயிருப்பாக."

கண்ணுச்சாமி ரைட்டரைத் தனியே கூப்பிட்டுப் போய் மலையாளத்தில் ஏதோ பேசினான். ஜக்கையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். அன்றைக்கு அவன் தன் மலையாளத்தின் மேல் நம்பிக்கை இழந்திருந்ததால் ஒன்றையும் தமிழ்ப்படுத்தவில்லை. கண்ணுச்சாமி திரும்பி வந்து சொன்னான்: மிளகை ரைட்டர் தன் கணக்கில் வைத்துக்கொள்வார். மலை தன் மிளகைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக இனி வாராவாரம் காய்ப்பொதி மொத்தத்தையும் ஜக்கையனே ஏற்றலாம். மிளகாய்தான் அவன் காட்டில் இருக்கிறதே. கத்தரியும் பறங்கியும் கண்ணுச்சாமி காட்டிலிருந்து வரப்பிலேயே எடுத்துக்கொள்ளட்டும்.

"அப்ப நீ?"

"எனக்கு முட்டி விட்டுப்போச்சுண்ணே. ரெண்டு வருசமா யாராச்சும் வந்து இதை வாங்கிக்கிற மாட்டாகளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பொதிமாட்டையும் நீங்களே வச்சுக்கங்க. நான் போடிச் சந்தையோட நின்னுக்கிறேன்."

இப்படியாக, தோட்டத்துப் பொதி ஜக்கையன் கைக்கு வந்தது. கண்ணுச்சாமிக்கு முன்னாலும் போயாயிற்று. மூன்றில் இரண்டு நிறைவேறிவிட்டன. பாக்கி ஒன்று, அந்த முகம். அதைப் பார்ப்பதற்கு அவன் பட்ட பாடு மலையேறியதைவிடப் பெரிது.

ஆடியில் மாட்டுக்குப் புதுச் சலங்கை வாங்கிக் கட்டி, வேண்டுமென்றே கண்ணுச்சாமி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான். கண்ணுச்சாமி வெளியே வந்து, "சத்தம் நல்லா கணீர்னு இருக்குண்ணே," என்றான். ஆவணியில் காதுக்குக் கடுக்கன் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். "கழுத்துப் புடிச்சிருக்கா? நல்லெண்ணெய் தேச்சு விடட்டுமா?" என்றான் கண்ணுச்சாமி. புரட்டாசியில் ஜக்கையன் தன் வீட்டு ஓட்டையும் மாற்றினான். கண்ணுச்சாமி கேட்காமலே ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, உச்சிவரை ஏறி ஓடு அடுக்கிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே, "இங்கருந்து பாத்தா மலை முச்சூடும் தெரியுதுண்ணே!" என்று கத்தினான். முட்டி விட்டுப்போனவன் கூரையில் ஏறுகிறான்!

ஒவ்வொரு தடவையும் ஜக்கையன் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தான். உதட்டோரம் ஒரு கோணல், கண்ணில் ஒரு சுருக்கம், ஒரு பெருமூச்சு, எதையாவது தேடினான். தன் முகத்தில் முப்பது வருஷமாகக் குடியிருந்த அந்தச் சாமான் எதுவும் அங்கே இல்லை. மத்தியானத்தில் வேப்பமர நிழலில் துண்டை விரித்து, காலை நீட்டி, குறட்டை விட்டுத் தூங்கினான் கண்ணுச்சாமி. பொதி ஏற்றிக்கொண்டு ஜக்கையன் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் குறட்டை கேட்டது.

ஐப்பசி மழையில் நனைந்து, நல்ல யாவாரம் முடித்து வீடு வந்த ஒரு நாள், ஜக்கையன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. பேச்சி பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்தாள்.

"ஏய்யா, யாவாரம் நல்லாத்தான நடக்குது? ஓடு மாத்தியாச்சு, தொழுவத்துல மறுபடி கன்னு கட்டியாச்சு. பெறகு எதுக்கு இந்த மூஞ்சி?"

"கண்ணுச்சாமிக்கு எம்மேல வயிறெரியவே மாட்டேங்குது பேச்சி."

"எரியாட்டி நல்லதுதான?"

"நல்லதா? எப்பிடிடீ ஒரு மனுசனுக்கு எரியாம இருக்கும்? எம்புட்டு நிம்மதியாத் தூங்குறான் தெரியுமா? அதப் பாத்தாத்தான் எனக்கு எரியுது."